மூன்றாவது பத்தியைக் கேளுங்கள்

வேளாண் ஆராய்ச்சித் திட்டங்களை மதிப்பிடும் குழுக்களில் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பயிருக்கு எவ்வளவு பணம் என்ற பேச்சு வந்ததும் திரையில் ஓர் அட்டவணை வரும். முதல் பத்தியில் பயிரின் உற்பத்தி மதிப்பு, இரண்டாவதில் அதற்குப் போகும் ஆராய்ச்சிப் பணம். மொத்த மதிப்பில் 10 சதவீதம் தரும் பயிருக்கு நிதியிலும் 10 சதவீதம் கிடைத்தால், சரி, அடுத்த வரி.

மோசமான விதி இல்லை. அதுவும் இல்லாவிட்டால், சத்தமாகப் பேசுகிறவரின் பயிருக்கே எல்லாம் போய்விடும். ஆனால் மதிப்பு என்பது விளைச்சலை விலையால் பெருக்கி வருவது. சந்தைக்குப் போகாமல் நேரே அடுப்புக்குப் போகும் பயிரை யார் எடை போடுகிறார்கள்? ஒரு கிழங்குப் பயிரின் பரப்பளவு மூன்று வருடமாகக் கடைசி இலக்கம்கூட மாறாமல் இருந்ததை ஒருமுறை பார்த்தேன். விசாரித்தால், போன வருட எண்ணையே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. வீரிய மக்காச்சோள விதையை ஒவ்வொரு பருவமும் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதனால் கம்பெனிகளே ஆராய்ச்சியில் பணம் போடும். மரவள்ளிக் குச்சியை விவசாயி தன் தோட்டத்திலேயே வெட்டி நட்டுக்கொள்வார். அதில் எந்தக் கம்பெனிக்கு லாபம்?

தென் அமெரிக்காவிலிருந்து வந்த மாவுப்பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைச் சூறையாடியது. நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் ஹான்ஸ் ஹெரன் தலைமையிலான குழு, பூச்சியின் பூர்வீகத்தில் அதற்கு எதிரி உண்டா என்று தேடியது. பராகுவேயில் கிடைத்தது ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி. 1981இல் அதை வயலில் விட்டார்கள். குளவி தானே பரவி, நாடு நாடாகப் பூச்சியை அடக்கியது. விவசாயி எதையும் வாங்கவில்லை, யாரும் எதையும் விற்கவில்லை. பொதுப் பணம் இல்லாமல் இது நடந்திருக்காது. ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஆஸ்திரேலியாவில் விளைச்சலை விற்கும்போது விவசாயிகள் ஆராய்ச்சிக்காகக் கட்டும் தீர்வைக்கு ஈடாக அரசும் ஆராய்ச்சிக்குப் பணம் போடுகிறது. பொதுவாக அந்தத் துறையின் உற்பத்தி மதிப்பில் 0.5 சதவீதம் வரை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விற்பனையே இல்லாத பயிருக்குத் தீர்வை வசூலிக்க முடியாதே!

அதனால் இப்போதெல்லாம் கூட்டங்களில் மூன்றாவதாக ஒரு பத்தி கேட்கிறேன்: இந்தப் பயிருக்குத் தனியார் எவ்வளவு செலவிடுகிறார்கள்? “அடுத்த கூட்டத்தில் தருகிறோம் சார்” என்கிறார்கள். அடுத்த கூட்டத்திலும் பெரும்பாலும் அது காலியாகவே வருகிறது.