கண்ணுக்கும் போனுக்கும் நடுவே ஒரு முழம்

போன மே மாதம் ஒரு பாட்டி தன் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு ஏழு வயது. பள்ளி திறக்கும் முன் சும்மா ஒரு செக்கப் என்றார். பரிசோதித்தால் இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.5 பவர், அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வை. பாட்டியால் நம்பவே முடியவில்லை. "போன்ல எறும்பு மாதிரி இருக்கிற எழுத்தெல்லாம் படிக்கிறானே டாக்டர்!"

கிட்டப்பார்வை உள்ள குழந்தைக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். அதனால்தான் பல வீடுகளில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை வரும்வரை யாருக்கும் தெரிவதில்லை. வெளியே காத்திருந்தபோதே அவனைக் கவனித்திருந்தேன். பாட்டி மடியில் சாய்ந்துகொண்டு போனை மூக்கிலிருந்து ஒரு சாண்கூட இல்லாத தூரத்தில் பிடித்திருந்தான். அப்புறம் அவரே சொன்னார், போன் இல்லாமல் சோறு இறங்காதாம்.

பிறக்கும்போது நம் கண்விழியின் நீளம் சுமார் 17 மில்லிமீட்டர். வளர்ந்தபின் சுமார் 24. அதற்கு மேல் 1 மில்லிமீட்டர் நீண்டாலே ஏறக்குறைய 2.5 முதல் 3 வரை மைனஸ் பவர் வந்துவிடும். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. கேரட்டும் பொன்னாங்கண்ணிக் கீரையும் நல்ல உணவுதான், தாராளமாகக் கொடுங்கள். பவரை அவை குறைக்காது. பவர் ஏறிக்கொண்டே போனால் பிற்காலத்தில் விழித்திரை விலகும் ஆபத்தும் கூடும். என் பயமெல்லாம் அதுதான்.

போன் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அப்பா அம்மா கண்ணாடி போட்டவர்கள் என்றால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆனால் அவன் வெளியே ஓட வேண்டிய நேரத்தைப் போன் எடுத்துக்கொள்கிறது. பகல் வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டிவிட்டன. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே அனுப்பச் சொன்னார்கள். பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்த கண்குறைபாடு அதன்பின் இறங்கத் தொடங்கியது.

பெரியவர்கள் வேறு தொல்லையோடு வருகிறார்கள். "கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது." திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதியாகக் குறைந்துவிடுகிறது, கண் காய்கிறது. இதற்குப் பணம் கொட்டி, திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கும் ப்ளூ லைட் கண்ணாடி வாங்க வேண்டாம். அது உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. மருந்துக்கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து வாங்கிப் போடவே போடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்து, மாதக்கணக்கில் போட்டுக் கண் அழுத்தம் ஏறிப் பார்வை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, போனைத் தூக்கி எறியச் சொல்கிறேனா? அதுவும் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் தாய் கைக்குழந்தையோடு வந்தார். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி சிவப்பாக இருந்தது, இன்னொன்று வெள்ளையாக. நேரில் பார்த்தால் எதுவும் தெரியாது. அவர் மனசு கேட்காமல் போனை நீட்டினார். விழித்திரைப் புற்றுநோய். சீக்கிரம் வந்ததால் குழந்தை பிழைத்தது. உங்கள் குழந்தையின் படங்களில் ஒரு கண் மட்டும் அடிக்கடி வெள்ளையாகத் தெரிந்தால் அன்றைக்கே கிளம்பி வாருங்கள்.

விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோன ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் வருகிறார். மாத்திரை அட்டையைப் போன் கேமராவில் பெரிதாக்கி அவரே படித்துக்கொள்கிறார். செய்தித்தாளைப் போனே வாசித்துக் காட்டுகிறது. "கண்ணு பார்க்காதப்ப போன்ல என்ன வேலை?" என்று மகன் பிடுங்கி வைத்துவிட்டாராம். மகனைக் கூப்பிட்டு, திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

அந்தப் பையனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தேன். பாடம், வீடியோ எல்லாம் டிவியில், தள்ளி உட்கார்ந்து. போன் கையில் வந்தே தீர வேண்டுமென்றால் ஒரு முழம் தள்ளி, கொஞ்ச நேரம் மட்டும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கூடாது. தினம் இரண்டு மணி நேரம் வெளியே. நவம்பரில் மறுபடி வந்தார்கள். பவர் ஏறவில்லை. "முட்டியெல்லாம் சிராய்ப்பு டாக்டர்" என்று பாட்டி அவன் கால்சட்டையைத் தூக்கிக் காட்டினார்.