ஐந்து விசைகளின் ஆயுள்

ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் 1981ஆம் ஆண்டு 150 டாலர் விலையில் எச்பி-12சி என்ற நிதிக் கணிப்பானை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பக்கவாட்டில் நீண்ட உடல், சட்டைப் பைக்குள் அடங்கும் அளவு, பத்து இலக்கத் திரை, 99 வரி கொள்ளும் நிரல் நினைவகம். அந்தக் காலத்துத் தனிநபர் கணினிகள் எல்லாம் காட்சிப் பொருளாகிவிட்ட பிறகும், இது ஏறத்தாழ அதே முகத்தோடு இன்றும் புதிதாக விற்கிறது. ஓரிரு ஆண்டு இடைவெளியில் இதே உடற்கூட்டில் வெளிவந்த 10சி, 11சி, 15சி, 16சி ஆகிய நான்கும் 1980கள் முடிவதற்குள் நிறுத்தப்பட்டுவிட்டன. 12சி மட்டும் ஏன் பிழைத்தது என்று கேட்டால் தரம், உழைப்பு என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த நால்வரின் விசைகளும் அதே தரத்தில் வார்க்கப்பட்டவைதாம்.

விடை, கருவி செய்யும் கணக்கின் தன்மையில் இருக்கிறது. கடன், சேமிப்பு, கடன் பத்திரம் என்று எதை எடுத்தாலும் ஐந்து அளவுகளே திரும்பத் திரும்ப வருகின்றன: தவணைகளின் எண்ணிக்கை, ஒரு தவணைக்கான வட்டி விகிதம், இன்றைய மதிப்பு, தவணைத் தொகை, எதிர்கால மதிப்பு. இவற்றை ஒரே சமன்பாடு பிணைத்திருப்பதால், நான்கு தெரிந்தால் ஐந்தாவதைக் கண்டுபிடித்துவிடலாம். 12சியின் மேல்வரிசையில் இடப்பக்கத்து முதல் ஐந்து விசைகள் இந்த ஐந்துக்குமே ஒதுக்கப்பட்டவை. 9 சதவீத ஆண்டு வட்டியில், 20 ஆண்டுகளில் அடைக்க வேண்டிய 1,00,000 டாலர் வீட்டுக் கடனை எடுத்துக்கொள்வோம். 20 என்று தட்டி, நீல விசையை அழுத்திய பின் முதல் விசையை அழுத்தினால் கருவி தானே 12ஆல் பெருக்கி 240 மாதங்கள் என்று வைத்துக்கொள்ளும். 9 என்று தட்டி அதேபோல் இரண்டாவது விசையை அழுத்தினால் 12ஆல் வகுத்து 0.75 என்று வைத்துக்கொள்ளும். பிறகு கடன் தொகையை மூன்றாவது விசையில் இட்டு நான்காவதை அழுத்த வேண்டியதுதான்: கழித்தல் குறியோடு 899.73 என்று வரும். கையை விட்டுப் போகும் பணம் என்பதால் அந்தக் கழித்தல் குறி. மெனுப் பட்டியலைத் திறந்து தேட வேண்டிய வேலையே கிடையாது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டு, மாதம் 899.73 கட்டினால் வட்டி விகிதம் எவ்வளவு என்று கேட்டால் கருவியின் பாடு திண்டாட்டமாகிவிடும். தவணைக் கடனின் வட்டி விகிதத்தை நேரடியாகத் தரும் பொதுச் சூத்திரம் எதுவும் இல்லை. ஒரு விகிதத்தை ஊகித்து, சமன்பாட்டில் இட்டுப் பார்த்து, எவ்வளவு பிசகுகிறது என்பதைக் கொண்டு ஊகத்தைத் திருத்தி, மீண்டும் இட்டுப் பார்க்க வேண்டும். பழைய 12சியில் இந்தச் சுற்று நடக்கும்போது திரையில் ‘ரன்னிங்’ என்ற சொல் சில நொடிகள் மின்னிக்கொண்டிருக்கும். முதல் கையடக்க நிதிக் கணிப்பானான எச்பி-80, 1973இல் 395 டாலருக்கு விற்றதற்கு, மனிதர் கையால் போட்டால் சலித்துப்போகும் இந்த ஊகமும் திருத்தமும்தான் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

ஊகம் தேவைப்படாத நேரடிக் கணக்கிலும் சிறு இலக்கப் பிழை பெருகிவிடும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகக் கணிதப் பேராசிரியரும், எச்பி நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தவரும், கணினியியலின் உயரிய விருதான டூரிங் விருதை 1989இல் பெற்றவருமான வில்லியம் கஹான், 1980களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு சோதனைக் கணக்கு வைத்தார். நொடிக்கு ஒரு சென்ட் வீதம் ஓராண்டு சேமிக்கிறோம். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி, அதுவும் நொடிதோறும் கூட்டப்படுகிறது. ஆண்டு முடிவில் எவ்வளவு சேரும்? ஓராண்டில் 3,15,36,000 நொடிகள் இருப்பதால், ஒரு நொடிக்கான வட்டி 0.00000000317 என்ற அளவுக்குச் சிறுத்துவிடும். கூட்டு வட்டிக்கு இதனுடன் 1ஐக் கூட்ட வேண்டும். கூட்டினால் கிடைப்பதைப் பத்து இலக்கங்களில் எழுதிப் பாருங்கள்: 1.000000003. அந்த 17 காணாமல் போய்விட்டது. இந்தக் குறைப்பட்ட எண்ணை மூன்று கோடி முறைக்கு மேல் பெருக்கி, ஐந்து அளவுகளின் அந்தச் சமன்பாட்டில் இட்டால் ஏறத்தாழ 3,12,925 டாலர் வரும். சரியான விடை 3,31,667.01 டாலர். காணாமல் போன அந்த 17தான் 18,700 டாலருக்கு மேல் விழுங்கியிருக்கிறது. அக்காலக் கணிப்பான்கள் பலவும் இந்தக் கணக்குக்கு ஆளுக்கொரு விடை சொல்ல, 12சி சரியாகச் சொன்னது. 1ஐக் கூட்டும்போது உதிரும் இலக்கங்களை உதிராமல் காக்கும் வகையில் உள்ளே மடக்கைக் கணக்கு எழுதப்பட்டிருந்ததே காரணம்.

ஆனாலும், சரியான விடை மட்டுமே ஒரு கருவியை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விற்றுத் தந்துவிடாது. 11சியும் 15சியும் பொறியாளர்களுக்கானவை. பொறியாளரின் கணக்கு வளர்ந்துகொண்டே போயிற்று: வரைபடம் வேண்டும், குறியீட்டு இயற்கணிதம் வேண்டும் என்றானது, 1987இல் வந்த எச்பி-28சியும் அதன் வழித்தோன்றல்களும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. கடனின் ஐந்து அளவுகளோ 1981இலும் ஐந்துதான், இன்றும் ஐந்துதான்.

இதை எச்பியே முழுதாக உணர்ந்திருந்ததாகத் தெரியவில்லை. 1986இல் அது வெளியிட்ட 18சி, புத்தகம்போல் விரியும் உடல், மெனுப் பட்டியல்கள், விரும்பிய சமன்பாட்டை எழுதித் தீர்க்கும் வசதி என எல்லா வகையிலும் 12சியை விஞ்சியது. ஆனால் எண்களை முதலில் இட்டுச் செயலைப் பிறகு சொல்லும் தலைகீழ் போலிஷ் முறையை அது கைவிட்டிருந்தது. 12சியில் 5, என்ட்டர், 3, கூட்டல் என்று அழுத்திப் பழகிய விரலுக்குச் சமக்குறி விசை ஓர் இடறுகல். 1990இல் வந்த 17பி டூவிலும் 19பி டூவிலும் அந்த முறை விருப்பத் தேர்வாகத் திரும்பி வந்தது என்பதே, யார் யாருக்கு வளைந்து கொடுத்தார்கள் என்பதைக் காட்டிவிடுகிறது. 2008இல் 20பி, 2010இல் 30பி என்று அடுத்தடுத்து வந்த நல்ல கருவிகளும் நிலைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவற்றின் வன்பொருளை விரும்பிய ஆர்வலர்கள் உள்ளிருந்த நிதி நிரலை அழித்துவிட்டு, தாங்களே எழுதிய அறிவியல் கணிப்பான் நிரலை ஏற்றி, விசைகளின் மேல் புதிய பெயர்த்தாளையும் ஒட்டிக்கொண்டார்கள்.

போட்டியில் உண்மையாக வென்ற இன்னொரு கருவி டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பிஏ டூ பிளஸ். பள்ளியில் படித்த வரிசையிலேயே கணக்கைத் தட்டலாம், விலையும் குறைவு. அதற்கும் ஓர் அசட்டுக் குணம் உண்டு. பழைய கருவிகளில் ஆண்டுக்கு 12 தவணை என்பதே இயல்பு அமைப்பாக இருந்தது. 1,000 டாலருக்கு 10 சதவீத ஆண்டு வட்டியில் ஐந்து ஆண்டுக் கணக்குப் போட்ட மாணவருக்கு, 1,610.51 வர வேண்டிய இடத்தில் 1,042.37 வந்து நிற்கும். ஐந்து ஆண்டை ஐந்து மாதமாக அது எடுத்துக்கொண்டிருக்கும். இருந்தும் அது வாழ்கிறது. முதலீட்டுத் துறையினர் எழுதும் சிஎஃப்ஏ தேர்வின் அறைக்குள் அனுமதிக்கப்படுபவை இரண்டே கருவிக் குடும்பங்கள்: பிஏ டூ பிளஸ், எச்பி-12சி. கைப்பேசியில் எத்தனை செயலிகள் இருந்தாலும் தேர்வறை வாசலில் அவை நின்றுவிடுகின்றன. அனுமதிப் பட்டியலில் இருப்பதால் பாடநூல்கள் அந்த விசைகளைக் காட்டிச் சொல்லித் தருகின்றன; பாடநூலில் இருப்பதால் ஆசிரியர் அதையே வாங்கச் சொல்கிறார்; எல்லாரும் அதையே வாங்குவதால் பட்டியலை மாற்ற யாருக்கும் அவசரம் இல்லை. புதிதாக வரும் கருவி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் இந்த வட்டத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருக்கிறது.

இப்படிப் பழகிய கருவியை உற்பத்தியாளராலும் எளிதில் தொட முடியாது. பழைய சில்லுக்குப் பதிலாக, இன்றைய கைப்பேசிகளில் இருக்கும் ஆர்ம் வகைச் செயலியைப் பொருத்தியபோது, எச்பி கணக்குகளைப் புதிதாக எழுதவில்லை; பழைய செயலியைப் போல் நடிக்கும் நிரலை அதில் வைத்து, 1981ஆம் ஆண்டின் கட்டளைகளையே அதன்மேல் ஓடவிட்டது. வேகம் பல மடங்கு கூடியது, விடை மாறவில்லை. குறைகளும் மாறவில்லை. 10 சதவீத வட்டியில் பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று பிஏ டூ பிளஸைக் கேட்டால் 7.27 என்கிறது. 12சியோ, தவணை என்றால் முழுத் தவணைதான் என்ற தன் பழைய பிடிவாதத்தில் மேல்நோக்கி முழுமையாக்கி, இன்றைக்கும் 8 என்றே சொல்கிறது.