பௌர்ணமியை லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தோம்

"சார், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும்தானா சூரியன் மறையும்போதே நிலாவும் உதிக்கும்?" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த சங்கதி இது. கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள், ஆனால் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

குறை பிள்ளைகளிடம் இல்லை. கரும்பலகைப் படம் பூமிக்கு வெளியே நின்று பார்ப்பது. பிள்ளையோ கடற்கரை மணலில் நின்று பார்க்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்ற, பூமி சுழல்வது, நிலா சுற்றுவது, தொடுவானம், திசை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்க வேண்டும். மனிதமூளை ஒரு நேரத்தில் நாலைந்து விஷயங்களைத்தான் அப்படிப் பிடித்து வைக்கும், அதற்கு மேல் போனால் ஒன்று நழுவிவிடும்.

அப்புறம்தான் லேப்டாப்பைத் திறந்தேன். ஸ்டெல்லேரியம் என்று, எந்த ஊரின் வானத்தையும் எந்தத் தேதிக்கும் திரையில் காட்டும் ஒரு இலவச மென்பொருள், ஒருமுறை ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். ஊர் கன்னியாகுமரி என்று வைத்து, சாயங்கால நேரத்தில் நிறுத்தினேன். ஓட்டுவதற்கு முன்னால், அடுத்த மாதப் பௌர்ணமியில் என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதச் சொன்னேன். நடக்காது என்றுதான் பெரும்பாலும் எழுதியிருந்தார்கள். ஓட்டினால், ஒவ்வொரு மாதமும் நடக்கிறது! பௌர்ணமி என்றாலே நிலா சூரியனுக்கு நேர் எதிரே இருக்கிறது என்றுதானே பொருள், ஒன்று இறங்கும்போது மற்றது ஏறத்தான் செய்யும். நிமிஷக் கணக்கில் கொஞ்சம் முன்பின் ஆகலாம், மறுநாளோ நிலா சுமார் 50 நிமிஷம் பிந்திவிடும். நம் ஊரின் சிறப்பு, நிலம் முடியும் முனையில் நின்றால் கிழக்கும் மேற்கும் இரண்டு பக்கமும் கடலாகத் திறந்து கிடப்பதுதான்.

அப்போது கடப்புறத்துப் பையன் ஒருவன், "எங்க ஊர்ல ஆனி மாசம் சூரியன் கடல்ல விழாது சார், தென்னைக்குப் பின்னால போயிரும்" என்றான். தேதியை ஜூனுக்கு மாற்றினோம். மேற்கிலிருந்து சுமார் 24 டிகிரி வடக்கே போய் மறைகிறது, டிசம்பரில் அதே அளவு தெற்கே. நம் மேற்குக் கரை வடமேற்காகச் சாய்ந்து போவதால் ஜூன் சூரியன் நிலப்பக்கம் ஒதுங்குகிறது. அவன் கண்ணால் கண்டதற்குக் காரணம் கிடைத்த அந்த நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன்.

கணினியால் வகுப்பறைக்கு வரும் பெரிய லாபம் இதுதான் என்பேன்: ஒரு வருஷத்தை ஒரு நிமிஷத்தில் ஓட்டலாம், நிறுத்தலாம், திருப்பி ஓட்டலாம். ஆனால் முதலில் ஊகித்து எழுதிய பிள்ளைதான் திரையைக் கவனித்துப் பார்க்கிறது, சும்மா ஓடவிட்டால் டிவி பார்ப்பது போலத்தான். இன்னொன்று, திரையில் பத்தி பத்தியாக எழுதி அதையே வாசித்துக் காட்டாதீர்கள். படத்துக்குக் கண், விளக்கத்துக்குக் காது என்று பிரித்துக் கொடுத்தால் நன்றாகப் பதியும் என்று ரிச்சர்ட் மேயர் என்கிற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எழுத்தும் சேர்ந்தால் கண்ணுக்கு இரட்டை வேலை.

சரி, திரையில் பார்த்ததை நிஜத்தில் எப்படிச் சரிபார்ப்பது? நம் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் 1, 2 வாக்கிலும். அதுவும் 12 மணிக்கு இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது, நாம் அதற்கு 5 டிகிரி மேற்கே இருக்கிறோம், டிகிரிக்கு 4 நிமிஷம், ஆக 12.20. செப்டம்பர் 1 அன்று மைதானத்தில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, 12.40க்கு நிழல் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள். 12.20க்கு நிழல் குச்சியின் காலடியிலேயே அடங்கிப்போனது. 12.40க்கு ஸ்கேல் வைத்து அளந்தோம், கிழக்கே 9 சென்டிமீட்டர்.