பெரிய கம்பெனிக்காரர் ஏன் காசு வாங்காமல் யோசனை சொல்ல வருகிறார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில், வீட்டிலேயே முறுக்கும் ஊறுகாயும் போட்டு விற்கும் ஒரு அக்கா கேட்டார்: "பெரிய கம்பெனி ஆள் ஒருத்தர், மாதம் இரண்டு தடவை வந்து கணக்கு எழுதவும் விலை போடவும் சொல்லித் தருகிறேன் என்கிறார். காசே வேண்டாமாம். நம்பலாமா தம்பி?"

சந்தேகம் நியாயம்தான். ஆனால் இதில் அந்தக் கம்பெனிக்கும் லாபம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2003-ல் வந்த கறுப்பின மக்களுக்கான பொருளாதார அதிகாரமளிப்புச் சட்டத்தின்கீழ், கம்பெனிகளுக்குப் புள்ளிகள் உண்டு. புள்ளி கூடினால் அரசு ஒப்பந்தங்களும் பெரிய வாடிக்கையாளர்களும் கிடைப்பது எளிது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ராண்டைத் தாண்டும் கம்பெனி, வரி போக மிஞ்சும் லாபத்தில் 2 சதவீதத்தைத் தனக்குச் சரக்கு தரும் சிறு தொழில்களை வளர்க்கவும், 1 சதவீதத்தை மற்ற சிறு தொழில்களை வளர்க்கவும் செலவிட்டால் அந்தப் பிரிவுகளுக்கு முழுப் புள்ளி. பணமாகத்தான் தரவேண்டும் என்றில்லை, ஊழியரின் நேரமும் கணக்கில் சேரும். மாதச் சம்பளத்தை 160-ஆல் வகுத்து மணிக்கணக்குப் போடுவார்கள். 48,000 ராண்ட் வாங்குபவர் உங்களோடு உட்காரும் ஒரு மணி நேரம் 300 ராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். (அது முழுதாகச் சேருமா, குறையுமா என்பது அவர்கள் கணக்காளரின் தலைவலி.) ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் தருவது தர்மமில்லை.

ஆனால் உதவி பெறும் உங்கள் தொழிலில் குறைந்தது 51 சதவீதம் கறுப்பினத்தவர் கையில் இருக்கவேண்டும். "நாம் இந்தியர்களாயிற்றே" என்று பலர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். சட்டத்தில் அந்தச் சொல் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரையும் குறிக்கும். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமக்கள் என்பதால் சிக்கலே இல்லை. சமீபத்தில் சென்னையிலிருந்து வேலைக்கு வந்து குடியுரிமை வாங்கியவர்கள்தான் கவனிக்கவேண்டும்: 27 ஏப்ரல் 1994-க்கு முன் குடியுரிமை பெற்றவர், அல்லது நிறவெறி ஆட்சி தடுத்திராவிட்டால் அப்போதே பெற்றிருக்கக்கூடியவர் மட்டுமே இதில் வருவார்.

காகித வேலை சின்னதுதான். உங்கள் ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ராண்டுக்குள் இருந்தால், இதைச் சரிபார்க்கும் ஏஜென்சிக்குக் காசு கட்டிச் சான்றிதழ் வாங்கத் தேவையில்லை. விற்றுமுதல் இவ்வளவு, தொழில் இன்னார் கையில் என்று சத்தியம் செய்து தரும் ஒரு பிரமாணப் பத்திரம் போதும், அதைக் காவல் நிலையத்திலேயே காசில்லாமல் உறுதிசெய்து தருவார்கள். மச்சான் பெயரில் இருக்கும் தொழிலை உங்களுடையது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பொய் சொன்னால் 10 ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம்.

சரி, எந்தக் கம்பெனியும் தேடி வரவில்லையா? 2024 அக்டோபரில் சேடா (சிறு தொழில்களுக்கு யோசனை சொல்லும் அரசு முகமை), செஃபா (அவற்றுக்குக் கடன் தரும் அரசு முகமை) முதலியவற்றை இணைத்து உருவாக்கிய செட்ஃபா என்ற அரசு நிறுவனத்தின் கிளைக்குப் போய்க் கேளுங்கள். 18 முதல் 35 வயதுக்காரர்களுக்குத் தேசிய இளைஞர் மேம்பாட்டு முகமையும் இருக்கிறது.

இப்படி யோசனை சொல்ல வரும் வழிகாட்டி கடன் தரமாட்டார், ஜாமீனும் நிற்கமாட்டார். விண்ணப்பம் நிரப்பக் கட்டணம் கேட்டாலோ, பங்கு எழுதித் தரச் சொன்னாலோ, டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். மற்றபடி முதல் நாளே கடன் நோட்டையும் எண்ணெய், மாவு பில்லையும் எடுத்து வையுங்கள். அக்காவும் அப்படித்தான் செய்தார். முறுக்குப் பாக்கெட் விலையில் அடுப்பு கேஸுக்கு ஒரு சதம்கூடச் சேர்க்கவில்லை என்பது அன்றைக்கே தெரிந்தது.

அப்புறம், பிரமாணப் பத்திரம் 12 மாதம்தான் செல்லும். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.