தொட முடியாத உயரத்தை அளப்பது எப்படி?

சதுரத் தாள் ஒன்றை மூலைக்கு மூலை மடித்தால் செங்கோண முக்கோணம் கிடைக்கும். மற்ற இரண்டு கோணங்களும் 45 பாகை. அதன் அடிப்பக்கம் தரைக்கு இணையாக இருக்கும்படி கண்ணருகே பிடித்து, சாய்ந்த விளிம்பு வழியாக ஒரு மரத்தைப் பாருங்கள். உச்சி அந்த விளிம்பின் நேரே வரும்வரை முன்னும் பின்னும் நகருங்கள். வந்துவிட்டதா? சரி. நிற்கும் இடத்திலிருந்து மரத்தடி வரை அளந்து, உங்கள் கண் இருக்கும் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். தூரம் 12 மீட்டர், கண் உயரம் 1.5 மீட்டர் என்றால் மரம் 13.5 மீட்டர்.

முக்கோணவியலில் டேன் என்பது உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம். டேன் 45-இன் மதிப்பு 1 என்பதன் பொருள் இதுதான்: கண் மட்டத்துக்கு மேலுள்ள உயரமும் தூரமும் சமம். வேறு கோணமாக இருந்தால் தூரத்தை அதன் டேன் மதிப்பால் பெருக்க வேண்டும். அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன் இந்தத் தாளை என் கையில் யாராவது கொடுத்திருக்கலாம்.

மரத்தடிக்கு நடந்து போகலாம். மலையுச்சிக்கு நேர் கீழே இருக்கும் புள்ளியோ மலைக்குள் புதைந்து கிடக்கிறது. அதனால் இரண்டு இடங்களிலிருந்து பார்க்கிறார்கள். ஓரிடத்தில் ஏற்றக் கோணம், அதாவது கிடைமட்டத்திலிருந்து உச்சியை நோக்கிப் பார்வை உயரும் கோணம், 30 பாகை. உச்சியை நோக்கி 100 மீட்டர் முன்னே போனால் 45 பாகை. இந்த மூன்று எண்களே போதும், உயரம் சுமார் 136.6 மீட்டர் என்று வந்துவிடும். மலையைத் தொடவே இல்லை!

எவரெஸ்ட்டின் உயரத்தையும் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். 160 கிலோமீட்டருக்கும் அப்பால், சமவெளியில் நின்று கோணங்களை அளந்தார்கள். 1852-இல் கணக்குப் போட்டவர் இந்திய நில அளவைத் துறையின் கணிதர் ராதாநாத் சிக்தார். உண்மையான தலைவலி முக்கோணத்தில் இல்லை, காற்றில் இருந்தது. ஒளி காற்றில் வளைந்து வருவதால் சிகரம் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். அதையும் கழிக்க வேண்டும். 1856-இல் அறிவித்த உயரம் 29,002 அடி, அதாவது ஏறத்தாழ 8,840 மீட்டர். 2020-இல் அறிவிக்கப்பட்டது 8,848.86 மீட்டர்.

இன்றைய நில அளவையாளர் வைத்திருக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி கோணத்தோடு தூரத்தையும் ஒளிக்கற்றையால் அளந்து, மீதிக் கணக்கைத் தானே போட்டுவிடும். ஏணியைச் சுவரில் சாய்ப்பவர்கள் உயரம் 4 அடிக்கு 1 அடி தள்ளி வைப்பது வழக்கம். அதுவும் டேன்தான், கோணம் சுமார் 76 பாகை.

அப்புறம் வீடியோ கேம். திரையில் ஒரு பந்து 30 பாகைச் சாய்வில் 10 புள்ளி நகர வேண்டுமென்றால், டேனைப் போன்ற வேறு இரண்டு விகிதங்களான காஸும் சைனும் வேலைக்கு வரும்: நிரல் அதைக் காஸ் 30-ஆல் பெருக்கிப் பக்கவாட்டில் 8.66 புள்ளியும், சைன் 30-ஆல் பெருக்கி மேலே 5 புள்ளியும் நகர்த்துகிறது. விளையாடுகிற நேரம் முழுக்க, நொடிக்குப் பல முறை.