வயிறு தின்ற ரத்தம்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். அவருடைய அப்பாவுக்கு இரைப்பையில் கட்டி, அது உள்ளுக்குள் ரத்தம் கசிகிறது என்று டாக்டர் சொன்னாராம். "ஆனால் அப்பா ஒரு சொட்டு ரத்தத்தைக்கூடப் பார்க்கவில்லை சார். இரண்டு வாரமாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது, அவ்வளவுதான். உடம்புச் சூடு என்று இளநீர் வாங்கிக் கொடுத்தோம். அந்த ரத்தமெல்லாம் எங்கே போனது?"

வயிறு தின்றுவிட்டது.

கட்டி ஏன் கசிகிறது என்பது எளிது. அது வளரும் வேகத்துக்கு ரத்தக்குழாய்கள் ஈடுகொடுக்காது. சில இடங்கள் பட்டினியில் அழுகி, மேற்பரப்பு குழிவிழும். அங்கே ஒரு குழாய் திறந்துகொள்ளும். சரி, விரலை வெட்டிக்கொண்டால் சில நிமிடங்களில் ரத்தம் நின்றுவிடுகிறதே, இங்கே ஏன் நிற்பதில்லை?

காயத்தை அடைப்பவை தட்டணுக்களும் ஃபைப்ரின் என்னும் புரத வலையும். இரைப்பையின் அமிலத்தில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்ட மறுக்கின்றன. மிச்சத்தை இரைப்பையின் செரிமான நொதியான பெப்சின் பார்த்துக்கொள்கிறது. புரதத்தை வெட்டுவதுதான் அதன் தொழில். மதியம் சாப்பிட்ட நாசி கண்டார் கோழிக்கும் சொந்த ரத்தக்கட்டிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. உடம்பு அணை கட்டக் கட்ட, வயிறு அரித்துக்கொண்டே இருக்கிறது. டாக்டர்கள் முதலில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றுவது இதனால்தான். அமிலம் குறைந்தால் பெப்சின் சும்மா உட்கார்ந்துவிடும்.

இதற்குள் கசிந்த ரத்தமோ உணவாகிவிட்டது. ஹீமோகுளோபினின் சிவப்பை அமிலம் கரும்பழுப்பாக்குகிறது. குடல் பாக்டீரியாக்கள் மீதியை முடிக்க, கறுப்பாய், பிசுபிசுப்பாய், மறக்க முடியாத நாற்றத்தோடு வெளியே வருகிறது. 50 முதல் 100 மில்லி ரத்தமே இதற்குப் போதும். (இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் இந்தப் பிசுபிசுப்பு இருக்காது.)

எனக்கு மிகப் பிடித்தது அடுத்த கட்டம். அரை லிட்டர் ரத்தத்தில் சுமார் 90 கிராம் புரதம் இருக்கிறது, ஏறக்குறைய 400 கிராம் கோழி இறைச்சிக்குச் சமம். குடல் அதை உறிஞ்ச, கல்லீரல் யூரியா என்னும் கழிவாக்குகிறது. அதனால் ரத்தப் பரிசோதனையில் தசைக் கழிவான கிரியாட்டினின் அசையாமல் இருக்க, யூரியா மட்டும் ஏறி நிற்கும். மனிதர் தன் ரத்தத்தையே விருந்துண்ட கணக்கு அந்தத் தாளில் பதிவாகியிருக்கிறது!

'சூடு' என்ற சொல்மேல் எனக்குக் கோபம் உண்டு. வாய்ப்புண்ணிலிருந்து புற்றுநோய்வரை எல்லாவற்றையும் அதற்குள் அடைத்து, இளநீரோடு இரண்டு வாரத்தைத் தொலைத்துவிடுகிறோம். தார் மலம் கண்ட அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்புறம், சில கட்டிகள் இரைப்பையின் வெளிப்பக்கமாகவும் உடையும். அப்போது ரத்தம் வயிற்றறைக்குள் கொட்டுகிறது. அமிலமும் இல்லை, பெப்சினும் இல்லை, மலம் கறுக்காது. வயிறு இறுகி வலிக்கும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் அடியில் ரத்தம் தேங்கினால் தோளும் வலிக்கலாம், ஏனென்றால் உதரவிதானத்தின் நரம்பும் தோள்பட்டைத் தோலின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன. தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவருக்கு, கசிவு வயிற்றில் என்று ஸ்கேன்தான் சொல்லும்.