பழைய வீட்டு வானும் ஒரு துளி உப்புத் தண்ணியும்

"சேர், வான் ஒண்டு பாத்திருக்கிறன். உள்ளுக்கு வீடு மாதிரி. ரெண்டு கட்டில், குசினி, சோலார் எல்லாம் இருக்கு. அம்மா அப்பாவையும் பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு திருகோணமலை, அறுகம்பை எண்டு போய்வரலாம். என்னென்ன பாத்து வாங்கோணும்?"

பழைய மாணவர் ஒருவர் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். கூடவே ஒன்பது படங்கள். பூப்போட்ட மெத்தை, மடிக்கிற மேசை, கூரையில் வரிசையாக எல்.ஈ.டி. விளக்கு. ஒன்பதும் உள்பக்கம். வானின் அடிப்பக்கம் ஒன்றிலும் இல்லை.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. இடையில் இருந்த பழைய வான்களே கைமாறின. அவற்றில் ஆசனங்களைக் கழற்றி, பலகை அடித்து, வீடாக்கியவை எனக்குத் தெரிந்தே இரண்டு உண்டு.

எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. வீட்டு வான் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால் ரயர் தேயாமலே கிழடாகிவிடும். ஈய அமிலப் பற்றரியை இரவு முழுக்கச் சும்மா விட்டு, காலையில் அளந்தால் 12.6 வோல்ற் அளவில் நிற்கவேண்டும். 12ஐ ஒட்டிக் காட்டினால் அது அனேகமாக வெறும் பெட்டி. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே போக ஓட்டை இருக்கவேண்டும். தண்ணீர்த் தாங்கி 100 லீற்றர் என்றால், நிரப்பியதும் வானின் பாரம் 100 கிலோ கூடுகிறது என்று அர்த்தம்.

இவையெல்லாம் காசைக் கொட்டினால் மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதது உடல். யாழ்ப்பாணத்தில் உடல் என்றால் துரு.

துருவைப் பற்றி எல்லாரும் பத்தாம் வகுப்பில் படித்தோம். இரும்பு, தண்ணீர், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தால் துரு. சரிதான். ஆனால் அதைப் படித்துவிட்டு நாம் ஒரு பிழையான முடிவுக்கும் வந்துவிட்டோம்: காற்று எங்கே நன்றாகப் படுகிறதோ, அங்கேதான் இரும்பு அதிகமாகத் தின்னப்படும் என்று. நடப்பது நேர் எதிர்.

கேம்பிரிட்ஜில் வேலை செய்த யூலிக் எவன்ஸ் 1920களில் இதை ஒரே ஒரு துளியில் காட்டினார். நான் படிப்பித்த காலம் முழுக்க ஏ.எல். பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன், ஒருமுறைகூட அலுக்கவில்லை. எண்ணெய்ப் பீப்பாயில் வெட்டிய தகட்டுத் துண்டை மினுங்கும்வரை உரஞ்சவேண்டும். உப்புத் தண்ணீரில் கொஞ்சம் பினோப்தலீனும் கொஞ்சம் பொற்றாசியம் பெரிசயனைட்டும் கலந்து, ஒரு சதக் குற்றி அளவுக்குத் துளி வைக்கவேண்டும். இரண்டும் நிறத்தால் காட்டிக்கொடுப்பவை. இரும்பு கரைந்து அயனாகும், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுவாகும், இடத்தில் நீலம் வரும். ஒட்சிசன் இலத்திரன்களை வாங்கி ஐதரொட்சைட்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பு வரும்.

முதலில் துளி முழுக்க நீலப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் கலந்து கிடக்கும். கொஞ்ச நேரம் பொறுத்தால், யாரோ கூட்டிப் பெருக்கியதுபோல, நீலம் எல்லாம் நடுவுக்குப் போகும், சிவப்பு எல்லாம் ஓரத்துக்கு வரும். இரண்டுக்கும் இடையில் மெல்லிய மண்ணிற வளையம். துரு அங்கேதான் படிகிறது.

ஏன் அப்படி? துளியின் ஓரம் மெல்லியது. அங்கே செலவாகும் ஒட்சிசனைக் காற்று உடனே ஈடுசெய்கிறது. நடுப்பகுதி ஆழமானது, அங்கே செலவானது செலவானதுதான். ஓரத்திலுள்ள ஒட்சிசனுக்கு இலத்திரன் வேண்டும். இரும்பு மின்னைக் கடத்தும், ஆகவே அந்த இலத்திரன் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. நடுவிலிருக்கும் இரும்பு அணு இரண்டு இலத்திரன்களைத் தகட்டுக்குள் விட்டுவிட்டு, தான் தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. இலத்திரனை வாங்கும் ஓரம் கதோட்டு, அதை விடும் நடு அனோட்டு, ஒரு துளிக்குள் ஒரு பற்றரி. சாப்பிடுகிறவர் காற்றுப்படும் திண்ணையில் இருக்கிறார், அரிசி குறைவதோ அறைக்குள் இருக்கும் மூட்டையில்.

இன்னொன்றையும் கவனியுங்கள். துரு தெரியும் இடமும் இரும்பு போன இடமும் ஒன்றல்ல. மண்ணிற வளையத்துக்குக் கீழே தகடு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். குழி விழுவது நடுவில்.

இதற்குள் உப்பு செய்யும் வேலை தனி. கரைந்த இரும்பயன்களின் நேரேற்றம் உப்பிலுள்ள குளோரைட்டு அயன்களைக் குழிக்குள் இழுக்கிறது. அங்கே உண்டாகும் இரும்புக் குளோரைட்டு தண்ணீரோடு தாக்கமுற்று அமிலத்தைத் தருகிறது. அமிலம் இன்னும் இரும்பைக் கரைக்கிறது, அது இன்னும் குளோரைட்டைக் கூப்பிடுகிறது. இவ்வளவுக்கும் குளோரைட்டு செலவாவதே இல்லை என்று சொல்லலாம். மழைக்காலத்தில் உப்புச் சாடி கசிவதை எந்தக் குசினியிலும் பார்க்கலாம்: காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் சோடியங்குளோரைட்டு காற்றிலிருந்தே தண்ணீரை எடுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் மகனீசியங்குளோரைட்டும் இருக்கிறது, அதற்கு 33 வீதமே போதும். எனவே பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்றோடு வந்து தகட்டிடுக்கில் படிந்த உப்பு, வெயில் காய்ச்சும் மத்தியானத்திலும் முழுதாகக் காய்வதில்லை.

இப்போது அந்தத் துளியை வானுக்குள் கொண்டுபோவோம். காற்று எட்டாத ஈரம் எங்கெல்லாம் இருக்கும்? இரண்டு தகடுகளை ஒட்டிய விளிம்பில். சில்லு வளைவுக்குள் அப்பிய சேற்றுக்குப் பின்னால். கதவின் அடியில், வடிகால் ஓட்டை அடைபட்ட இடத்தில். பெயின்ற் கொப்புளத்துக்குள்ளே. வீட்டு வான் என்றால் இவற்றோடு இன்னொன்று சேருகிறது: சுவர்ப் பலகை. தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே, வெக்கையைத் தடுக்க, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பலகையை வைத்து அடைத்திருப்பார்கள். நித்திரை கொள்ளும் ஒருவர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் ஏறத்தாழ கால் லீற்றர் தண்ணீரை வெளியே விடுகிறார். நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு நுவரெலியாவில் ஒரு இரவு படுத்தால், அது குளிர்ந்த தகட்டின் உள்பக்கத்தில் ஒடுங்கிப் பலகைக்குப் பின்னால் இறங்கும். அங்கே யார் போய்த் துடைப்பது?

சனிக்கிழமை காலை மாணவரும் நானும் அந்த வானைப் பார்க்கச் சுன்னாகத்துக்குப் போனோம். "கழுவ வேண்டாம், அப்படியே விடுங்கோ" என்று முதல்நாளே சொல்லச் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால் கழுவிப் பூசிப் பளபளவென்று நின்றது. முன் சில்லுக்குக் கீழே நசுங்கிய தேசிக்காய். உரிமையாளர் முதலில் சொன்னது இலக்கத்தகட்டைப் பற்றி: "கூட்டினா ஒம்பது வரும் ஐயா, ராசியான வான்." எண்சாத்திரத்தோடு எனக்குப் பழைய பகை உண்டு, அதை விடுவோம். தேசிக்காய் வைப்பதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் சில்லுக்குக் கீழே குனிந்தவர் அப்படியே கழுத்தைத் திருப்பி மேலேயும் ஒருக்கால் பார்த்திருக்கலாம்.

என் சட்டைப்பையில் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் ஒன்றுதான். பெயின்ற் கீறாமல் மெல்லிய துணியில் சுற்றியிருந்தேன். கதவின் நடுவில் டக்கென்று பிடித்தது. கீழே கொண்டுபோகப்போகப் பிடி தளர்ந்தது. சில்லு வளைவின் பின்பக்கம், ஒரு சாண் அகலத்துக்கு, காந்தம் நழுவிக் கையிலேயே விழுந்தது. அங்கே இரும்பு இல்லை, டிங்கரிங் காரர் பூசிய பசை. விரலால் தட்டினால் பழுத்த பலாப்பழத்தைத் தட்டுவதுபோல மொத்தென்ற சத்தம். மாணவரையும் தட்டச் சொன்னேன். இரண்டாம் தட்டிலேயே அவர் முகம் மாறிவிட்டது.

உள்ளே, கூரையில் காற்றாடிக்கு வெட்டிய ஓட்டையின் கீழ்ப் பலகையைப் பெருவிரலால் அழுத்தினேன். தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க் மாதிரி உள்ளே போனது. மெத்தையைத் தூக்கினால், ஜன்னல் மூலையிலிருந்து மண்ணிறக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. கோடு முடியும் இடத்தில் தகடு கெட்டி. கோடு தொடங்கும் இடத்தில், ஜன்னல் றப்பரை விலக்கியபோது, வெளிச்சம் தெரிந்தது. எவன்ஸின் துளி, ஆளுயரத்துக்கு.

அடிப்பக்கம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு. பழைய வானுக்குப் புதுக் கறுப்புப் பூச்சு என்றால் கொஞ்சம் யோசியுங்கள். துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால் ஒட்சிசன் எட்டாத இன்னொரு நடுப்பகுதியை நாமே செய்து கொடுக்கிறோம். யப்பானின் பனிப் பிரதேசங்களில் ஓடி வந்த வான் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அங்கே பனியை உருக்க வீதியில் உப்புப் போடுவார்கள். நம் கடற்காற்றுக்கு முன்னமே அது வயிறு நிறைய உப்புத் தின்றிருக்கும்.

இடையில் ஒரு ஆதங்கம். ஒரே மாதிரியான இரும்புத் தகடுகளைத் தராசில் நிறுத்து, காரைநகர், பருத்தித்துறை, ஆனையிறவு, கொடிகாமம் என்று வெயிலில் தொங்கவிட்டு, வருடா வருடம் துருவைக் கழுவி மறுபடி நிறுத்தால், எந்த ஊரில் இரும்பு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஒரு அட்டவணை கிடைக்கும். வான் வாங்குகிறவருக்கு மட்டுமா, வீட்டுக்குக் கொங்கிறீற் போடுகிறவருக்கும் வள்ளம் வைத்திருப்பவருக்கும் உதவும். ஒரு நல்ல தராசும் பொறுமையுமே செலவு. ஆனால் திறப்புவிழா வைக்க முடியாத ஆராய்ச்சிக்குக் காசு கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அந்த வானை அவர் வாங்கவில்லை. போன கிழமை வவுனியாவில் இன்னொன்று பார்த்ததாகப் பன்னிரண்டு படம் அனுப்பினார். மெத்தை ஒன்றிலும் இல்லை. எல்லாம் அடிப்பக்கம். சில படங்களில் அவர் மனைவி ரோர்ச் பிடித்திருக்கும் கை தெரிகிறது. எட்டாவது படத்தில், இடப்பக்கப் பின் சில்லுக்கு மேலே, மெல்லிய மண்ணிறக் கோடு ஒன்று. அது எங்கே தொடங்குகிறது என்று படத்தில் பிடிபடவில்லை. ஜன்னல் றப்பரை விலக்கி இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.